குறத்தி வேஷம் அவர்கள் கட்டலாம், நாயர் வேஷம் ரோசி கட்டக்கூடாதா?

பி.கே. ரோசி நடித்த படத்தில் ஒரு அடி பிலிம்கூட இன்றைக்கு மிச்சமில்லை. அவர் குரலும் கிடையாது. அது ஊமைப்படக் காலம். ரோசி என்று சொல்லிச் சுற்றிக்கொண்டிருக்கிற ஒரே ஒரு மங்கலான போட்டோவும் அவர்தானா என்பதில் தகராறு இருக்கிறது. நடித்ததோ ஒரே படம். அப்படியிருந்தும் 2023 பிப்ரவரி 10 அன்று கூகுள்காரன் தன் முகப்பில் அவரை வரைந்து வைத்தான். மலையாள சினிமாப் பெண்கள் கூட்டமைப்பு 2019-இல் அவர் பெயரில் ஒரு திரைப்படச் சங்கம் தொடங்கியது. சென்னையில் நீலம் பண்பாட்டு மையம் அவர் பெயரில் படவிழா நடத்தியது. மலையாளத்தில் நாவல் வந்தாயிற்று, சினிமாவும் வந்தாயிற்று. கல்லால் அடித்து விரட்டப்பட்ட ஒருத்தி மேல் திடீரென்று இத்தனை பிரியம் ஏன்?

இந்தப் பிரியத்தில் பாதியை நான் நம்பவில்லை. தோழர்களே, கோபப்படாமல் கேளுங்கள். ரோசி நமக்கு வேண்டியவர்தான். ஆனால் எதற்காக வேண்டியவர் என்பதைத் தீர்த்துப் பேசாமல் அவர் படத்துக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தோமானால், கல்லெறிந்தவன் பேரன் செய்கிற வேலைக்கும் நாம் செய்கிற வேலைக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. அவனும் இப்போது மாலைதான் போடுகிறான்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். திருவனந்தபுரம் நந்தன்கோட்டில் 1903-இல் புலையர் குடும்பத்தில் பிறந்தவர் ராஜம்மா. புல்லறுத்துப் பிழைத்த வாழ்க்கை. தமிழும் மலையாளமும் கலந்து ஆடுகிற காக்காரிசி நாடகத்தில் நடித்துப் பேர் வாங்கியவர். நாடார் கிறிஸ்தவரான ஜே.சி. டேனியல் தன் சொத்தை விற்று, திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ் என்று கம்பெனி வைத்து ‘விகதகுமாரன்’ படத்தை எடுத்தார். பம்பாயிலிருந்து வரவழைத்த நடிகை ஒத்துவராமல் போன பிறகு நாயகி வேஷம் ராஜம்மாவுக்கு வந்தது. ரோசி என்ற பெயரும் சினிமாவோடு வந்ததுதான். கட்டிய வேஷம் சரோஜினி என்கிற நாயர் பெண். படம் வெளியானது 1928 என்று பழைய வரலாறுகள் எழுதின. பின்னால் வந்த ஆய்வு 1930 அக்டோபர் 23 என்கிறது. இடம் திருவனந்தபுரம் கேப்பிட்டல் தியேட்டர். அந்தப் பெண் உள்ளே வந்தால் நாங்கள் வரமாட்டோம் என்று பெரிய மனுசர்கள் சொல்லிவிட்டார்கள். தான் நடித்த படத்தின் முதல் காட்சியில் ரோசிக்கு இடமில்லை. நாயகியின் தலையிலிருந்த பூவை நாயகன் முத்தமிடுகிற காட்சி வந்ததும் கூட்டம் எழுந்தது, திரையில் கல் விழுந்தது. அதற்கப்புறம் அவர் குடிசைக்கும் தீ வைத்தார்கள். ஒரு லாரியில் ஏறி நாகர்கோவில் வந்து சேர்ந்தார். லாரி ஓட்டுநர் கேசவ பிள்ளையைக் கல்யாணம் செய்து, ராஜம்மாளாக வாழ்ந்து முடித்தார். மறுபடி காமிரா முன்னால் நிற்கவேயில்லை.

தென்காசி பஸ் ஸ்டாண்ட் பக்கத்து டீக்கடையில் இந்தக் கதையைச் சொன்னால் ஒரே மாதிரியான பதில்தான் வரும். “அது மலையாளத்தான் புத்தி அண்ணாச்சி. நம்ம பக்கம் அப்படிக் கெடையாது. பாரும், ஓடிவந்த பொம்பளைக்கு இடங்கொடுத்தது தமிழ்நாடுதான?” கேட்கக் குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் காலத்தில் நாகர்கோவில் இருந்தது திருவிதாங்கூர் ராஜாவின் கீழ். கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-இல். ரோசி ஓடியது ஒரு ராஜ்யத்தின் தலைநகரிலிருந்து அதே ராஜ்யத்தின் இன்னொரு மூலைக்கு. நம்ம செங்கோட்டையும் அதே ராஜாவின் செங்கோட்டையாக 1956 வரை இருந்ததுதான். தென்காசிக்காரனும் குற்றாலத்துக்காரனும் வெள்ளைக்காரன் சீமையில் இருந்தான். நாலைந்து மைல் நடந்தால் திருவிதாங்கூர். எல்லைக்கு அந்தப் பக்கம் சம்பந்தம் பேசினார்கள், நெல் விற்றார்கள், கோயில் கொடைக்குப் போனார்கள். சாதி மட்டும் எல்லையில் இறங்கி நின்றுவிட்டதா? ரோசிக்கு இங்கே யாரும் இடம் கொடுத்துவிடவில்லை. ரோசியாக இருந்தவரைக்கும் அவருக்கு எந்தப் பக்கமும் இடமில்லை. ஒரு பிள்ளைமார் வீட்டு ராஜம்மாளுக்குத்தான் இடம் கிடைத்தது.

சரி, திருவனந்தபுரத்தை விடுவோம். குற்றாலத்துக்கு வருவோம். ரோசி விவகாரத்துக்குச் சாவி இங்கேதான் கிடக்கிறது.

மேலகரம் திரிகூட ராசப்பக் கவிராயர் பாடிய குற்றாலக் குறவஞ்சியைத் தெரியாத தமிழ் மாணவர் இருக்கமாட்டார். மேல்குடிப் பெண் வசந்தவல்லி திரிகூடநாதர் மேல் காதல் கொள்கிறாள். குறத்தி வந்து குறி சொல்கிறாள். வசந்தவல்லியைவிடக் குறத்திக்குத்தான் அதில் ஆட்டமும் பாட்டும் கூடுதல். அவளுடைய மலை, அவளுடைய பேச்சு, அவள் புருசனோடு அவள் போடும் சண்டை என்று கவிராயர் ருசித்து ருசித்து எழுதியிருக்கிறார். அதற்காக மதுரை நாயக்கர் அவருக்கு நிலம் மானியமாகக் கொடுத்தார். குறவஞ்சிமேடு என்று அதற்குப் பெயர். குறத்தியைப் பாடியவருக்கு நிலம் கிடைத்தது. குறவர்களுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால், பின்னாளில் வெள்ளைக்காரனின் குற்றப் பரம்பரைச் சட்டம் கிடைத்தது. பாட்டில் மலையரசியாக வந்தவள், போலீஸ் ரிஜிஸ்டரில் பிறவித் திருடியாகப் பதிவானாள்.

பிறகு 1944-இல் சென்னைக் கலாக்ஷேத்ராவில் ருக்மிணிதேவி அருண்டேல் இதே குற்றாலக் குறவஞ்சியை நாட்டிய நாடகமாக மேடையேற்றினார். அதற்கப்புறம் எத்தனை சபாக்கள், எத்தனை மார்கழி மாதங்கள்! அக்கிரகாரத்துப் பெண் பாசிமணி போட்டு, கூடையை இடுக்கி, இடுப்பை ஒடித்துக் குறத்தியாக வருவாள். கைதட்டுவார்கள். “என்னமா குறத்தியாவே மாறிட்டா பாருங்கோ” என்பார்கள். அதற்குப் பெயர் கலை, அபிநயம், உருமாற்றம்.

1942-இல் ஜெமினி ‘நந்தனார்’ எடுத்தபோது நந்தனாக நின்றவர் தண்டபாணி தேசிகர். தேவாரம் பாடுகிற தேசிகர் பறையராக நடித்ததற்கு ஊர் மெய்ம்மறந்து உருகியது. யாரும் கல்லெறியவில்லை. நந்தன் வேஷத்துக்கு ஒரு பறையர் வேண்டும் என்று யாருக்கும் தோன்றவுமில்லை.

ஆக நடிப்புக்கு நம் நாட்டில் ஒரு வழிப்பாதைதான். மேலேயிருந்து கீழே இறங்கி நடிக்கலாம். இறங்கினால் பட்டம், பதக்கம், பொன்னாடை. கீழேயிருந்து மேலே ஏறி நடிக்கக்கூடாது. ஏறினால் கல், தீ, லாரி. ரோசி செய்த குற்றம் சினிமாவில் நடித்தது என்று சொல்கிறவர்கள் பாதி உண்மைதான் சொல்கிறார்கள். எந்தச் சாதிப் பெண்ணும் காமிரா முன்னால் நிற்கத் தயங்கிய காலம் என்பது வாஸ்தவம். ஆனால் இந்தப் படத்தில் ரோசி புல்லறுக்கிறவளாகவே வந்து, எசமான் காலில் விழுந்து அழுதிருந்தால் திரை கிழிந்திருக்குமா? ஒரு சீனில் வந்து செத்துப்போயிருந்தால் குடிசை எரிந்திருக்குமா? அவள் நாயர் பெண்ணாக உடுத்தினாள், நாயர் பெண்ணாக உட்கார்ந்தாள், நாயகன் அவள் பூவை முத்தமிட்டான். அதுதான் பொறுக்கவில்லை.

உடுத்துவது என்றால் சும்மா இல்லை. தோள்சீலைப் போராட்டத்தை நாம் அடிக்கடி பேசுகிறோம். 1859 ஜூலை 26-இல் திருவிதாங்கூர் ராஜா ஒரு பிரகடனம் வெளியிட்டு நாடார் பெண்கள் மார்பை மறைக்கலாம் என்று அனுமதி கொடுத்ததாகப் பாடப்புத்தகம் சொல்கிறது. அந்த அனுமதிக்கு ஒரு வால் இருந்தது. எப்படி வேண்டுமானாலும் மறைத்துக்கொள்ளுங்கள், ஆனால் மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி உடுத்தக்கூடாது! அரசாங்கத்துக்கு மானம் பிரச்சினையில்லை, சாயல்தான் பிரச்சினை. ‘அவளைப் போல் இவள் தெரியக்கூடாது’ என்பதைச் சட்டமாகவே எழுதி வைத்த நாடு அது. எழுபது வருசம் கழித்து, நாடாருக்கும் கீழே என்று வைக்கப்பட்டிருந்த ஒரு புலையப் பெண், அந்த உடுப்பை அதே பாணியில் உடுத்தி, ஒரு தியேட்டர் அளவு பெரிய உருவமாக வந்து நிற்கிறாள். அன்றைக்குக் கேப்பிட்டல் தியேட்டரில் இருந்தவர்களுக்கு அது வெறும் படமாகத் தெரிந்திருக்காது. பழைய பிரகடனம் தங்கள் கண்ணெதிரே கிழிவதாகத் தெரிந்திருக்கும். திரையைக் கிழித்துப் பிரகடனத்தைக் காப்பாற்றினார்கள்.

ஊமைப்படம் என்பதும் இதில் முக்கியம். நாடகத்தில் குரல் காட்டிக்கொடுத்துவிடும். பேச்சில் சாதி இருக்கிறது; ஒரு வார்த்தை பேசினால் எந்தத் தெரு என்று நம்ம ஊரில் கண்டுபிடித்துவிடுவார்கள். ஊமைப்படத்தில் அந்தத் துப்பும் கிடையாது. வெளிச்சம், நிழல், ஒரு முகம், ஒரு நடை. அவ்வளவுதான். ரோசியைத் தெரியாத வெளியூர்க்காரன் பார்த்திருந்தால் நாயர் பெண் என்றே நம்பியிருப்பான். அப்படியானால் நாயர் தன்மை என்று ஒன்று ரத்தத்தில் இல்லை, உடுப்பிலும் நடையிலும் பாவனையிலும் இருக்கிறது. பத்து நாள் பழகினால் யாருக்கும் வரும். இதை எந்தக் கட்டுரையும் எழுதாமல், எந்த மேடையும் ஏறாமல், வாயே திறக்காமல் ஒரு புல்லறுப்புக்காரி நிரூபித்துக் காட்டிவிட்டாள். சாதியும் ஒரு வேஷம்தான் என்று காட்டிவிட்ட நடிகையை எப்படி விடுவார்கள்?

ரோசி இன்னும் நம்மை இழுத்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் இதுதான் என்று நான் சொல்கிறேன். அவள் அழகும் இல்லை, அவள் பட்ட பாடும் இல்லை. அவள் ஆரம்பித்து வைத்த வழக்கு இன்னும் முடியவில்லை.

முடிந்துவிட்டது என்கிறவர்கள் நம் தென்காசி மாவட்டத்தையே பார்க்கலாம். 2022 செப்டம்பரில் சங்கரன்கோவில் வட்டம் பாஞ்சாங்குளத்தில் மிட்டாய் வாங்க வந்த தலித் பள்ளிப் பிள்ளைகளிடம், ஊர்க் கட்டுப்பாடு, உங்க தெருவுக்குத் தின்பண்டம் தரமாட்டோம், வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று கடைக்காரர் சொன்னார். சொன்னதோடு நிற்கவில்லை. அதைத் தானே செல்போனில் படம் பிடித்துப் பரப்பினார். கைது நடந்தது, கடைக்குச் சீல் வைத்தார்கள், சம்பந்தப்பட்டவர்கள் ஊருக்குள் நுழையத் தடை வந்தது. எல்லாம் சரி. ஆனால் அந்தக் காமிராவைக் கவனியுங்கள். 1930-இல் ஒரு காமிரா ஒரு தலித் பெண்ணைப் பெரிய இடத்தில் உட்கார்த்தி வைத்துக் காட்டியது; கல் விழுந்தது. 2022-இல் ஒரு காமிரா தலித் பிள்ளைகள் வெறுங்கையோடு திரும்பிப் போவதைக் காட்டியது. அவர்கள் ஆட்கள் அதை ரசித்து அனுப்பிக்கொண்டார்கள். நம்மை எப்படிக் காட்டினால் ரசிப்பார்கள், எப்படிக் காட்டினால் எரிப்பார்கள் என்ற கணக்கு மாறவில்லை.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு, ரோசிக்காக உருகுகிறவர்களிடம் வருவோம். 2013-இல் கமல் இயக்கி வெளிவந்த ‘செல்லுலாய்ட்’ படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். கேரள அரசின் சிறந்த பட விருது வாங்கியது. கதாநாயகன் டேனியல். அவர் கனவு, அவர் நஷ்டம், அவர் கண்ணீர். ரோசி அதில் கண்ணை அகல விரித்துப் பயந்து பயந்து பார்க்கிற வெள்ளந்திப் பெண். நல்ல புடவையைப் பார்த்து ஆச்சரியப்படுகிறாள், கூட உட்கார்ந்து சாப்பிடச் சொன்னால் கூசுகிறாள். நாடகத்தில் தேறி, கூட்டத்தை எதிரே வைத்து ஆடிப் பழகிய ஒருத்தி இப்படியா இருப்பாள்? அந்தப் படம் வந்த சமயத்திலேயே தலித் பெண் விமர்சகர்கள் இதைக் கேட்டார்கள். பாவப்பட்ட ரோசியைத் தாங்குவார்கள். தொழில் தெரிந்த ரோசியை இன்னும் தாங்கமுடியவில்லை.

டேனியலைக் குறை சொல்ல நான் வரவில்லை. மனுசன் சொத்தையெல்லாம் தொலைத்தார். நம்ம பாளையங்கோட்டையில் பல் வைத்தியம் பார்த்துப் பிழைத்தார். தமிழ்நாட்டில் குடியிருக்கிறவர் என்று சொல்லிக் கேரள அரசு அவருக்கு உதவித்தொகை மறுத்தது. 1975-இல் அகஸ்தீஸ்வரத்தில் வறுமையில் செத்தார். 1992 முதல் கேரள அரசின் உயர்ந்த சினிமா விருதுக்கு அவர் பெயர். மலையாள சினிமாவின் தந்தை என்று பட்டம். தந்தைக்குச் செத்து 17 வருசத்தில் மரியாதை வந்துவிட்டது. நாயகிக்கு? தகப்பன் சொத்தை இழந்தான், நாயகி தன் பேரையே இழந்தாள். எந்த நஷ்டம் பெரிது என்று வரலாறு எழுதுகிறவர்கள் சொல்லட்டும்.

இன்னொன்று. ‘விகதகுமாரன்’ என்றால் காணாமல்போன பிள்ளை. பணக்கார வீட்டுப் பையனை ஒருவன் இலங்கைக்குக் கடத்திக்கொண்டு போய்விடுகிறான் என்பதுதான் கதை. அதே இலங்கைத் தோட்டங்களுக்கு நம் சனங்கள் எத்தனை ஆயிரம் பேர் கங்காணி பின்னால் போய்க் காணாமல் போனார்கள்! அவர்களைத் தேடி யாரும் படம் எடுக்கவில்லை. காணாமல் போனால் கதையாவதற்குக்கூட ஒரு குலம் வேண்டியிருக்கிறது. அந்தப் படமும் போய்விட்டது. 1933-இல் வந்த ‘மார்த்தாண்ட வர்மா’ ஊமைப்படம், பதிப்புரிமை வழக்கில் மாட்டி முடங்கியதால் தப்பிப் புனே ஆவணக் காப்பகத்தில் இன்று பத்திரமாக இருக்கிறது. ராஜா கதை கோர்ட்டு தயவில் பிழைத்தது. ரோசிக்கு எந்தக் கோர்ட்டும் வரவில்லை.

ரோசியைப் பாவப்பட்டவளாகவே பார்ப்பதில் இன்னொரு திருட்டு இருக்கிறது. அவளை ஊர் பேர் இல்லாத ஒற்றை ஆளாக்கிவிடுகிறார்கள். 1893-இல் புலையர் நடக்கக்கூடாத ரோட்டில் வில்வண்டி ஓட்டிய அய்யன்காளியின் ஊர் வெங்ஙானூர், திருவனந்தபுரத்துக்குப் பக்கம்தான். 1915-இல் கொல்லம் பெரிநாட்டில் புலையப் பெண்கள் தங்கள் அடிமை அடையாளமான கல்மாலைகளை அறுத்து எறிந்தார்கள். செங்கோட்டையிலிருந்து ரயில் ஏறினால் போய்ச் சேருகிற அதே கொல்லம். அப்போது ரோசிக்கு வயது 12. கல்மாலையை அறுத்தெறிந்த காலத்தில் வளர்ந்த பெண் அவள். ஒரு தலைமுறை கழுத்திலிருந்ததைக் கழற்றியது. அடுத்த தலைமுறையில் ஒருத்தி, போடக்கூடாது என்றதை எடுத்துப் போட்டாள். இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் ரோசி அனாதையாகத் தெரியமாட்டாள்.

இப்போது நம் பக்கத்துக்கு வருகிறேன். திருநெல்வேலிச் சீமைக்காரர்களுக்கு ஒரு பழைய வழக்கம். சாதி மீறியவனை அடித்துக் கொல்வது. கொன்றபின் பீடம் போட்டுக் கும்பிடுவது. பயத்தில் கொடை, குற்றத்தில் வில்லுப்பாட்டு. பாபநாசத்துக்கு மேலே சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனுக்குச் செருப்புக் காணிக்கை போடுவதைப் பார்த்திருப்பீர்கள். பார்ப்பனனாகப் பிறந்து, சக்கிலியப் பெண்கள் பொம்மக்காவையும் திம்மக்காவையும் கட்டிக்கொள்ளப் பூணூலை அறுத்து, செருப்புத் தைத்த முத்துப்பட்டன்தான் அந்தச் சாமி. நா. வானமாமலை அந்தக் கதையைப் பதிப்பித்தார். பிற்காலத்தில் அந்தப் பாட்டுக்குள் என்ன சேர்த்தார்கள் தெரியுமா? பொம்மக்காவும் திம்மக்காவும் உண்மையில் பார்ப்பனக் குழந்தைகள். காட்டில் கிடந்ததைப் பகடை எடுத்து வளர்த்தார்! செத்துச் சாமியான பிறகும் அந்தப் பெண்களின் சாதியை மாற்றாமல் இவர்களுக்குத் தூக்கம் வரவில்லை. கும்பிடுகிற கை வேறு, திருத்துகிற கை வேறு என்று நினைக்காதீர்கள். ஒரே ஆளின் இரண்டு கைதான்.

ரோசிக்கும் அந்தப் பீடம் தயாராகிக்கொண்டிருக்கிறது. பேர் ராஜம்மாளாக மாறியாயிற்று, சாதி மறைந்தாயிற்று, இனி ‘மலையாள சினிமாவின் முதல் நாயகி’ என்று எல்லாருக்கும் பொதுவான ஒரு தாயாக்கிவிட்டால் வேலை முடிந்தது. பீடத்தில் ஏறிய சாமி சம்பளம் கேட்காது, அடுத்த படத்தில் வேஷம் கேட்காது, மீதிக் கதையைச் சொல்லாது. நம்மில் சிலருமே அந்தப் பீடத்துக்குச் செங்கல் சுமக்கிறார்கள் என்பதுதான் என் வருத்தம். சந்தேகத்துக்குரிய போட்டோவை ‘ரோசி அம்மா’ என்று பெரிதாக அடித்து, சந்தனப்பொட்டு வைத்து, மெழுகுவத்தி கொளுத்துகிறார்கள். முகம் கிடைக்காததுதான் ரோசியின் வரலாறு. கிடைக்காத முகத்துக்குப் பதில் கிடைத்த முகத்தை ஒட்டினால், அழித்தவன் செய்த வேலையை மூடிக்கொடுத்த மாதிரி ஆகாதா?

போன சீசனில் குற்றாலத்தில் நம் மாணவர்களுக்கு ஒரு நாள் முகாம் நடந்தது. ரோசியைப் பற்றிப் பேச்சு. பேசியவர்கள் நன்றாகத்தான் பேசினார்கள். ஒரு போட்டோகூட மிஞ்சவில்லையே என்று சொன்னபோது சிலர் கண் கலங்கினார்கள். கடைசியில் ஒரு கல்லூரிப் பெண் எழுந்தாள். அவள் அம்மா கரகாட்டம் ஆடுகிறவர்.

“அண்ணே, ரோசிக்குப் போட்டோ இல்லன்னு எல்லாரும் அழுதிய. எங்கம்மா ஆடுற வீடியோ ஆயிரம் கெடக்கு. கீழ என்ன எழுதிருக்கானுவன்னு வாசிச்சுப் பாருங்க. நல்லா ஆடுதான்னு ஒருத்தன் எழுதல. நம்ம ஆளுகளும் அதைப் பாக்கத்தான் செய்யாவ. அதுக்கு என்ன செய்யப் போறிய?”

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பிள்ளை கேட்டதுதான் கேள்வி. கொடை மாசம் வந்தால் தென்காசி வட்டாரம் முழுக்க நையாண்டி மேளமும் கரகமும்தான். தலையில் செம்பை நிறுத்தி, கண்ணால் ஊசி எடுத்து, விடிய விடிய ஆடுகிறாள். ஆடுகிறவள் மேல் நோட்டைக் குத்துகிறவனுக்கு யாரும் நிபந்தனை போடுவதில்லை. ஆபாசம் கூடாது என்ற நிபந்தனை மட்டும் ஆடுகிறவளுக்கு. பேசிய கூலியில் பாதியைப் பிடித்துக்கொண்டு அனுப்பினால் எந்தச் சங்கம் கேட்கிறது? இவளுக்கு முகம் இருக்கிறது, பேர் இருக்கிறது, போன் நம்பர் இருக்கிறது. 95 வருசத்துக்கு முந்தின ரோசியை நேசிப்பது சுலபம். பக்கத்து ஊர் ரோசியை நேசித்தால் ஊர்க் கமிட்டியோடு சண்டை போடவேண்டி வரும்.

நம் தெரு நாடகங்களையும் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். இயக்க நாடகத்தில் தலித் பெண்ணுக்கு என்ன வேஷம்? கெடுக்கப்பட்டவள், மகனைப் பறிகொடுத்த தாய், தலைவிரித்து ஒப்பாரி வைக்கிற கிழவி. பண்ணையார் வேஷம் கட்ட ஆம்பிளைத் தோழர்கள் போட்டி போடுகிறார்கள். துண்டை உதறி மீசையை முறுக்கி அமர்க்களம் பண்ணுகிறார்கள். பண்ணையார் பொண்டாட்டி வேஷத்துக்கு, ஜட்ஜம்மா வேஷத்துக்கு, கலெக்டர் வேஷத்துக்கு நம் பெண் தோழர்களை எப்போதாவது கூப்பிட்டோமா? நாம் அழுவதை நாம் நடிக்கத் தேவையில்லை, அது தினசரி நடக்கிறது. அவர்களை நடித்துக் காட்டவேண்டும். அவர்கள் உட்காருகிற மாதிரி உட்கார்ந்து, பேசுகிற மாதிரி பேசி, ‘பாருங்கள், இவ்வளவுதான் இது’ என்று தெருவில் வைத்துக் காட்டவேண்டும். ரோசி செய்தது அதைத்தான்.

எனவே நான் சொல்வது மூன்றே மூன்று. ரோசியை நடிகை என்று பேசுங்கள். தியாகி, தாய், தெய்வம் எதுவும் வேண்டாம். காக்காரிசி ஆடிய தொழில்காரி, அந்தத் தொழிலால் ஒரு நாயர் சபையை நடுங்கவைத்தவள் என்று சொல்லுங்கள். இரண்டாவது, தென்காசி, குற்றாலம், சங்கரன்கோவில் வட்டாரத்தில் ஆடுகிற நம் பெண்களின் பேரை, வயதை, யாரிடம் கற்றார்கள் என்பதை, வாங்குகிற கூலியை எழுதி வையுங்கள். கூலி மறுத்த இடத்தில் இயக்கமாகப் போய் நில்லுங்கள். மூன்றாவது, நம் கையில் இப்போது காமிரா வந்துவிட்டது, இயக்குநர்கள் வந்துவிட்டார்கள், படம் ஓடுகிறது, பெருமைதான். அந்தப் படங்களில் நாயகி யார்? நம் வீட்டுப் பெண்ணின் கதைக்கு வடக்கிலிருந்து ஒருத்தியைக் கூட்டிவந்து முகத்தில் மை பூசினால், அது குற்றாலக் குறவஞ்சியின் இன்னொரு மேடையேற்றம்தான்.

ரோசியின் பெயரைச் சொல்லி மைக் பிடிக்கிற எல்லாத் தோழர்களிடமும் இனி ஒன்றைக் கேட்கலாம் என்றிருக்கிறேன். உங்கள் அடுத்த நாடகத்தில், உங்கள் அடுத்த படத்தில், ராணி வேஷம் யாருக்கு?